கேட்பவர் மூளையில் என்ன நடக்கிறது?

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், கிருமாம்பாக்கத்துக்கு அருகே கிழக்கே திரும்பினால் கடலோரத்தில் பனித்திட்டு. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த மீனவ ஊர். 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை ஏறிய ஊர்களில் இதுவும் ஒன்று. புதுச்சேரி யூனியன் பிரதேசம் முழுவதும் அன்று இழந்த உயிர்கள் ஏறத்தாழ 600; அவற்றில் பெரும்பகுதி காரைக்காலில். உடைந்த படகுகளையும் அறுந்த வலைகளையும் இடிந்த வீடுகளையும் அதிகாரிகள் பட்டியல் போட்டு நிவாரணம் கொடுத்தார்கள். பட்டியலில் அடங்காத ஒன்று மிச்சம் இருந்தது. இரவில் தூக்கம் இல்லை, கடலைப் பார்க்கவே நடுக்கம், திடுக்கிட்டு எழும் பிள்ளைகள், பேச்சை நிறுத்திவிட்ட தாய்மார்கள். கோரமண்டலக் கடற்கரையின் ஒவ்வொரு குப்பத்திலும் இந்த நிலைதான்.

அலை அடித்த இரண்டு மாதத்தில் தமிழகத்தின் ஒரு மீனவக் கிராமத்தில் 314 பேரிடம் ஆய்வாளர்கள் நடத்திய கணக்கெடுப்பில், 12.7 விழுக்காட்டினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருப்பது தெரிந்தது. பெண்களுக்கும், காயம்பட்டவர்களுக்கும், வருமானம் அற்றுப்போன குடும்பத்தாருக்கும் பாதிப்பு அதிகம். எட்டில் ஒருவர் என்றால் சிறிய எண்ணிக்கை அல்ல. அத்தனை பேருக்கும் மனநல மருத்துவர் கிடையாது. நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நிலை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆகவே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன வல்லுநர்கள் வந்து உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக 1986-இல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சிநேகா’ அமைப்பின் தன்னார்வலர்கள், அதே நகரின் சீனிவாசபுரத்தில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களை ஓராண்டுக் காலம் விடாமல் போய்ப் பார்த்தார்கள். அவர்கள் யாரும் மருத்துவர்கள் இல்லை, மாத்திரை தரவில்லை. போனார்கள், உட்கார்ந்தார்கள், கேட்டார்கள். அப்படிப்பட்ட துணை கிடைக்காத இன்னொரு பகுதியினரோடு ஒப்பிட்டபோது, இவர்களுடைய மன உளைச்சல் குறைந்திருந்தது.

ஒருவர் பேச, இன்னொருவர் கேட்டதில் என்ன மாறியது? கடந்த முப்பது ஆண்டுகளாக நரம்பியல் அறிஞர்கள் துரத்திக்கொண்டிருக்கும் கேள்வி இது. சிகிச்சையாளருக்கும் நோயாளிக்கும் நடுவே உருவாகும் உணர்வுப் பிணைப்பு உடம்பிலும் மூளையிலும் எங்கே பதிகிறது, அது குணமாவதற்குக் காரணமா, குணமாவதன் அடையாளமா என்று தேடுகிறார்கள். கிடைத்திருக்கும் விடைகள் வியப்பூட்டுகின்றன. ஆனால் இன்றைய சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் அடித்துச் சொல்லும் அளவுக்கு உறுதியானவை அல்ல.

பிணைப்பு முக்கியம் என்பது ஸ்கேன் எந்திரங்களுக்கு முன்பே தெரிந்த செய்தி. தொலைபேசியின் செவிப்பகுதி எப்படி எதிர்முனைக் குரலைப் பெறுகிறதோ அப்படி மருத்துவர் தன் ஆழ்மனத்தை நோயாளியின் பக்கம் திருப்ப வேண்டும் என்று சிக்மண்ட் பிராய்ட் 1912-இல் எழுதினார். சிகிச்சையாளரின் ஒத்துணர்வும் நிபந்தனையற்ற மதிப்பும் உண்மைத்தன்மையும் இருந்தாலே மாற்றம் வரும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் வாதிட்டார். அவர் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டார். 2018-இல் 295 ஆய்வுகளையும் 30,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, சிகிச்சைப் பலனில் காணும் வேறுபாட்டில் சுமார் 8 விழுக்காடு இந்தப் பிணைப்போடு தொடர்புடையது என்று கணக்கிட்டது. எட்டு என்றதும் சிலர் உதட்டைப் பிதுக்கலாம். உளவியல் சிகிச்சையில் தனியொரு காரணிக்கு இவ்வளவு பங்கு, இத்தனை நாடுகளில், இத்தனை முறைகளில் திரும்பத் திரும்பக் கிடைப்பது அபூர்வம்.

இதைவிடக் கூர்மையானது 80 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த 331 பேரையும் வைத்து 2007-இல் வெளியான ஆய்வு. ஒட்டிப் பழகும் நோயாளிக்குத்தான் பலன் கிடைக்கிறதா, ஒட்டவைக்கும் சிகிச்சையாளரால் கிடைக்கிறதா என்று அது பிரித்துப் பார்த்தது. எடை சிகிச்சையாளர் பக்கம் சாய்ந்தது. சராசரியாக வலுவான பிணைப்பை உண்டாக்குகிறவர்களிடம் வந்தவர்களே கூடுதலாகத் தேறினார்கள். ‘பேஷண்ட் ஒத்துழைக்கவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்தவரை அழைக்கும் வழக்கத்தை இந்த ஒரு முடிவே கேள்வி கேட்கிறது.

உடல்நோயிலும் இதே கதைதான். ஹார்வர்டின் டெட் காப்சக் குழுவினர் குடல் எரிச்சல் நோயுள்ள 262 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் வெறுமனே காத்திருந்தார்கள். இரண்டாவது பகுதியினருக்குப் போலி அக்குபங்சர். ஊசி தோலுக்குள் இறங்காது, மருத்துவரும் அதிகம் பேச மாட்டார். மூன்றாவது பகுதியினருக்கும் அதே போலி ஊசிதான். ஆனால் மருத்துவர் பரிவோடு விசாரித்து, கவனித்துக் கேட்டு, நம்பிக்கையாகப் பேசினார். மூன்று வாரத்தில் போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் முறையே 28, 44, 62 விழுக்காடு. 2008-இல் வெளியான இந்த முடிவில், இரண்டாவது பகுதிக்கும் மூன்றாவது பகுதிக்கும் இடையிலான 18 விழுக்காட்டுப் புள்ளி வேறுபாடு முழுக்க முழுக்க மருத்துவரின் நடத்தையால் வந்தது.

மூளைக்குள் போகலாம். 1990-களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரில் ஜியாகோமோ ரிசொலாட்டி குழுவினர் மக்காக் குரங்குகளின் மூளையில் ஒரு விசித்திர நரம்பணுவைக் கண்டார்கள். குரங்கு தானே ஒரு பொருளை எடுக்கும்போதும் அது துடித்தது. இன்னொருவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் துடித்தது. ‘கண்ணாடி நரம்பணு’ என்று பெயர் வந்தது. இதை உலகம் முழுக்கப் பேசவைத்தவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்கு இவை செய்யும் என்று 2000-இல் எழுதினார். எனக்கும் பிறருக்கும் நடுவே உள்ள சுவரைக் கரைப்பதால் ‘காந்தி நரம்பணுக்கள்’ என்றும் அழைத்தார். அழகான பெயர். ஆனால் குரங்கின் கை அசைவுக்கும் மனிதனின் பரிவுக்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. அந்த இடைவெளியை ஆதாரம் இல்லாமல் தாண்டிவிட்டார்கள் என்று கிரெகரி ஹிக்காக் 2014-இல் ஒரு புத்தகமே எழுதினார். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கண்ணாடி நரம்பணுக்களை முழுச் சாவியாகக் கருதுவதில்லை. நம்மூர்ப் பயிற்சி வகுப்புகளில் மட்டும் அந்தப் படம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வலியைப் பற்றிய ஆய்வு இன்னும் உறுதியான தரையில் நிற்கிறது. லண்டனில் டானியா சிங்கர் 2004-இல் 16 தம்பதிகளை வைத்துச் செய்த சோதனையில், மனைவி ஸ்கேனருக்குள் படுத்திருப்பார். மின்னதிர்ச்சி சில நேரம் அவர் கையில் விழும், சில நேரம் கணவர் கையில். தனக்கு வலித்தபோது மனைவியின் மூளையில் விழித்த இன்சுலாவின் முன்பகுதியும் முன் சிங்குலேட் பகுதியும், கணவருக்கு வலிக்கிறது என்று தெரிந்தபோதும் விழித்தன. வலியின் இடத்தையும் அளவையும் குறிக்கும் பகுதிகள் சும்மா இருந்தன. வலியின் வேதனை மட்டும்தான் கடந்து வந்தது. இரண்டே ஆண்டில், 2006-இல், அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். மின்னதிர்ச்சிக்காக அஞ்சிக் காத்திருந்த 16 மணமான பெண்கள் கணவரின் கையைப் பிடித்தபோது, அச்சத்துக்கு எதிர்வினையாற்றும் மூளைப் பகுதிகள் அடங்கின. முகம் தெரியாதவர் கையைப் பிடித்தாலும் கொஞ்சம் அடங்கின, அந்த அளவுக்கு இல்லை. தாம்பத்தியம் இனிதாக இருந்தவர்களுக்குப் பலன் கூடுதல்.

இவையெல்லாம் தனி மூளையைப் பார்த்தவை. சிகிச்சை அறையில் இருப்பது இரண்டு. அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும் முயற்சி எளிமையாகத்தான் தொடங்கியது. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கார்ல் மார்சி குழுவினர் 20 ஜோடிகளின் விரல்களில் மின்முனையைப் பொருத்தி, தோலில் வியர்வையால் ஏறி இறங்கும் மின்கடத்தலைப் பதிவு செய்தார்கள். சிகிச்சையாளரின் கோடும் நோயாளியின் கோடும் சேர்ந்து ஏறி இறங்கிய ஜோடிகளில், ‘இவர் என்னைப் புரிந்துகொள்கிறார்’ என்று நோயாளி அதிக மதிப்பெண் கொடுத்திருந்தார். இது 2007-இல் வெளியானது. சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் ஃபேபியன் ராம்சேயரும் வோல்ஃப்காங் சாக்கரும் இன்னும் எளிய வழியைப் பிடித்தார்கள். சிகிச்சை அறையில் நிலையாக வைத்த காமிராவின் பதிவை எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே எத்தனை புள்ளிகள் மாறுகின்றன என்று கணினியை எண்ணவைத்தார்கள். யார் எந்தப் பக்கம் சாய்ந்தார், எப்போது தலையசைத்தார் என்பதெல்லாம் எண்ணாக மாறியது. 70 நோயாளிகளின் 104 அமர்வுகள். தற்செயலாக நிகழக்கூடிய ஒற்றுமையைக் கழித்தபின்னும் இருவர் அசைவும் ஒத்திசைந்தது. ஒத்திசைவு அதிகமாக இருந்த அமர்வுகளை நோயாளிகளும் நல்ல உறவு என்றே மதிப்பிட்டிருந்தார்கள்.

பிறகு மூளைக்கே போனார்கள். சீனாவில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆலோசகர் தலையிலும் ஆலோசனை கேட்க வந்தவர் தலையிலும் அகச்சிவப்பு ஒளியால் இரத்த ஓட்டத்தை அளக்கும் தொப்பியை மாட்டியது. வெறும் அரட்டையைவிட ஆலோசனையின்போது, வலது காதுக்கு மேலே சற்றுப் பின்பக்கமாக உள்ள பகுதியில் இருவருக்கும் ஒத்திசைவு கூடியது. பிறர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும் வேலையில் அந்தப் பகுதிக்குப் பங்கு உண்டு.

2020-இல் டான்-மிக்கேல் எல்லிங்சன், விட்டாலி நாபாடோ குழுவினர் செய்தது இந்தத் துறையின் மிகத் துணிச்சலான சோதனைகளில் ஒன்று. ஃபைப்ரோமயால்ஜியா என்ற நாள்பட்ட உடல்வலி உள்ள நோயாளி ஒரு எஃப்.எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள், அவருக்கு அக்குபங்சர் செய்யும் சிகிச்சையாளர் இன்னொரு எந்திரத்துக்குள். காமிரா வழியே ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கலாம். தலையை அசைக்க முடியாது, பேசவும் வழியில்லை. நோயாளியின் காலை ஒரு பட்டை இறுக்கி வலி உண்டாக்கும். வலியைத் தணிக்க சிகிச்சையாளர் ஒரு பொத்தானை அழுத்துவார். அது ஊசியில் மின்சாரத்தைச் செலுத்துவதாக இருவருக்கும் சொல்லப்பட்டிருந்தது. உள்ளே போகுமுன் முறையான கலந்தாலோசனை நடந்திருந்த ஜோடிகளில் இருவரின் முகபாவமும் ஒன்றையொன்று பின்தொடர்ந்தது. பிறர் மனத்தை ஊகிக்கும் பகுதிகளில் மூளைச் செயல்பாடும் ஒத்திசைந்தது. ஒத்திசைவு கூடக்கூட நோயாளி சொன்ன வலியும் குறைந்தது. சிகிச்சை அறையில் நடப்பதாக நாம் நம்பும் ஒன்று, இரண்டு எந்திரங்களின் திரைகளில் இப்படி எண்களாக வந்து நின்றது.

இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டியது பிரின்ஸ்டனில் யூரி ஹாசன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு. சிகிச்சையைப் பற்றியது அல்ல. கதை கேட்பதைப் பற்றியது. ஒரு பெண் தன் வாழ்வில் நடந்த ஒன்றை எந்த ஒத்திகையும் இல்லாமல் சொல்ல, கேட்டவர்களின் மூளைச் செயல்பாடு அவருடையதை ஓரிரு நொடி பின்தங்கித் தொடர்ந்தது. சில இடங்களில் முந்திக்கொண்டும் ஓடியது. அடுத்து என்ன வரும் என்று அவர்கள் ஊகித்திருந்தார்கள். அப்படி முந்தியவர்களே கதையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ரஷ்ய மொழி தெரியாதவர்களுக்கு ரஷ்யக் கதையைப் போட்டபோது அந்தப் பிணைப்பு அறுந்துபோனது. ஒலி காதில் விழுந்தது, மூளைகள் சேரவில்லை.

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் மனநலப் பணி செய்ய விரும்பும் எவரும் இந்தச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் மீனவ வீட்டில் கடன் எப்படி ஏறும், குடி எப்படிக் கூடும், பெண்கள் எதை அடகு வைப்பார்கள் என்று தெரியாத ஆலோசகருக்கு, ‘ஒரு மாசமா பாடு இல்லங்க’ என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்த வாக்கியத்தை ஊகிக்க முடியாது. வில்லியனூர்ப் பக்கத்து வயல்வெளியில் கதை வேறு: தண்ணீர், கூலி, பூச்சிமருந்து, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய வட்டிப் பணம். இரண்டு இடத்திலும் யாரும் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று வந்து நிற்பதில்லை. நெஞ்சு படபடக்கிறது, கைகால் ஓய்ந்துபோகிறது, தலை கனக்கிறது, பயந்துட்டான், மந்திரிச்சுப் பார்த்தோம் என்றுதான் பேச்சு தொடங்கும். அந்தப் பேச்சை அப்படியே வாங்கிக்கொள்பவர் முன்னேதான் அடுத்த பேச்சு வரும். புறநோயாளிப் பிரிவின் மூன்று நிமிடத்தில், மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே, பின்னால் வரிசை நெருக்க, அது வராது.

அதற்காக ஒத்திசைவு இடைவிடாமல் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தாயையும் சேயையும் பல ஆண்டுகள் படம்பிடித்து ஆராய்ந்த எட்வர்ட் டிரானிக், ஆரோக்கியமான ஜோடிகள்கூட மொத்த நேரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு மட்டுமே ஒத்திசைவோடு இருப்பதைக் கண்டார். மீதி நேரம் தவறவிடுவதும் தேடிப் பிடிப்பதுமாகப் போகிறது. குழந்தை கற்றுக்கொள்வது அந்தத் தேடிப் பிடிப்பதில். உளவியல் சிகிச்சையிலும் உறவில் விரிசல் விழுந்து பிறகு சரியாகும் தருணங்களுக்குத் தனி மதிப்பு உண்டு என்று ஜெரமி சாஃப்ரனும் கிறிஸ்டபர் மியூரனும் நெடுங்காலம் ஆராய்ந்து காட்டினார்கள். கோபித்துக்கொண்டு போன நோயாளி அடுத்த வாரம் திரும்பி வந்து, ‘போன தடவை நீங்க சொன்னது எனக்குப் பிடிக்கல’ என்று சொன்னால், நல்ல ஆலோசகர் அதைத் தோல்வியாகப் பார்ப்பதில்லை.

கேட்பவரின் கதை என்ன? பிறர் வேதனை தன் மூளையிலும் விழிக்கிறது என்றால், நாள் முழுவதும் வேதனையைக் கேட்பவர் எப்படித் தாங்குவார்? தைவானில் யாவெய் செங் குழுவினர் 2007-இல் அக்குபங்சர் மருத்துவர்களுக்கும் சாதாரண மனிதர்களுக்கும் ஊசி குத்தும் படங்களைக் காட்டினார்கள். சாதாரண மனிதர்களின் இன்சுலா துள்ளியது. மருத்துவர்களுடையது அமைதியாக இருந்தது. தன்னைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதிகள் அவர்களிடம் வேலை செய்தன. டானியா சிங்கர் பின்னர் இன்னொரு திறப்பைக் கண்டார். பிறர் துன்பத்தை அப்படியே உணரப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தாங்களும் துவண்டுபோகும் உணர்வு கூடியது. அவர்களுக்கே பிறகு கருணைத் தியானப் பயிற்சி கொடுத்தபோது, வலிப் பகுதிகளுக்குப் பதில் அன்போடும் மனநிறைவோடும் தொடர்புள்ள பகுதிகள் விழித்தன, துவளலும் குறைந்தது. கூடவே அழுவதும் கூடவே நிற்பதும் மூளையில் வேறு வேறு வழியில் ஓடுகின்றன.

சுனாமி முகாம்களில் வேலை பார்த்த தொண்டர்களில் பலர் தாங்களும் அதே கடற்கரையைச் சேர்ந்தவர்கள், உறவுகளை இழந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 1998-இல் வெளியான தன் நூலிலும் பின்னர் எழுதிய கட்டுரைகளிலும் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி இதற்குப் பொருந்தும். போரும் பேரழிவும் தனிமனிதரை மட்டும் காயப்படுத்துவதில்லை. குடும்பத்தையும் ஊரையும் நம்பிக்கையையும் சேர்த்தே உடைக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் கேட்பவரும் காயம்பட்டவர்தான். அவருக்கும் தன் பாரத்தை இறக்கிவைக்க வாரம் ஒருமுறையாவது ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். நிதி ஒதுக்கும்போது முதலில் வெட்டப்படும் செலவு அதுதான் என்பது வருத்தத்துக்குரியது.

பிணைப்போடு சேர்த்துப் பேசப்படும் ஆக்சிடோசின் ஹார்மோன் பற்றி இரண்டு வரி போதும். மூக்கில் தெளித்தால் முன்பின் தெரியாதவர்மேல் நம்பிக்கை வரும் என்று 2005-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு பெரும் பரபரப்பைக் கிளப்பியது; 2020-இல் பெரிய அளவில் மறுபடி செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ‘அன்பு ஹார்மோன்’ என்று விற்கப்படும் எதையும் புதுச்சேரி வாசகர் நம்ப வேண்டியதில்லை.

பிணைப்பால் குணமாக்கும் மரபு நம் பக்கத்தில் மருத்துவமனைக்கு வெளியேதான் நெடுங்காலமாக இருந்திருக்கிறது. வேளாயுதம்பாளையம்புதூர் என்ற தமிழகக் கிராமத்தில் முத்துசுவாமி கோயில் இருக்கிறது. மனநோய் உள்ளவர்களைக் குடும்பத்தார் அழைத்து வந்து அங்கே தங்குவார்கள். ஆர். ரகுராம் குழுவினர் அங்கு வந்த 31 பேரை ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்து இல்லை, பெரிய சடங்கும் இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கோயிலைப் பெருக்குவது போன்ற சின்ன வேலைகள், காலை வழிபாடு, கூடவே ஒரு குடும்ப உறுப்பினர். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய் அறிகுறி மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு. அதை வைத்துக் கோயிலே போதும் என்று யாரும் சொல்லக் கூடாது. முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய கொடுமையும் வழிபாட்டுத் தலத்தை ஒட்டி நடந்ததுதான். முன்னதில் நோயாளியை மனிதராக நடத்தினார்கள். பின்னதில் அவரைக் கட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1950-களிலிருந்தே நோயாளியோடு குடும்பமும் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாக வைத்திருப்பதை இங்கே சேர்த்து நினைக்கலாம். சுனாமிக்குப் பின் அதே வேலூர்க் குழு நாகப்பட்டினம் மாவட்ட மீனவ ஊர்களில் மக்களோடு அமர்ந்து பேசியபோது, தங்களைத் தூக்கி நிறுத்தியவை ஊர்க் கட்டுக்கோப்பும் சாமி நம்பிக்கையும் சேர்ந்து செய்த சடங்குகளும் என்றார்கள்.

அப்படியானால் படித்த சிகிச்சையாளர் எதற்கு? கேள்வி நியாயமானது. விடையை மூளை ஸ்கேன் தரவில்லை. களச் சோதனைகள் தந்தன. கோவாவில் விக்ரம் படேலின் ‘சங்காத்’ அமைப்பு, மனநலத் துறையில் முன்பயிற்சி எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு அமர்வு பேசவைத்தது. 2017-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவு: மொத்தம் 495 பேர், மூன்று மாதத்தில் நோய் தணிந்தவர்கள் அந்தக் குழுவில் 64 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காடு. அந்த ஆலோசகர்கள் தங்கள் அமர்வுகளைப் பதிவு செய்து, ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டு மதிப்பிட்டுக்கொண்டார்கள். பிணைப்பு பிறவிக் குணம் மட்டும் அல்ல, பழகிப் பெறக்கூடிய தேர்ச்சியும்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தியாவில் இல்லை. சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ பங்கேற்ற இன்னொரு சோதனை 2014-இல் வெளிவந்தது. மனச்சிதைவு உள்ள 282 பேரில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கே சமூக சுகாதாரப் பணியாளர்கள் ஓராண்டு போய் வந்தார்கள். அவர்களுக்கு நோய் அறிகுறியும் முடக்கமும் சற்றுக் கூடுதலாகக் குறைந்தன. ‘சற்று’ என்பதை மறைக்கத் தேவையில்லை. மருந்து இங்கேயும் அவசியம். ஆள் அதன்மேல் கூடுதல்.

ஆனால் புதுச்சேரிக்கு மிக நெருக்கமானது, 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தற்கொலைத் தடுப்புச் சோதனை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், நாட்டின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 12.4, புதுச்சேரியில் 29.7. இந்த இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு தொடர்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் சோதனை சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் நடந்தது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட 1,867 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பகுதியினருக்கு அதோடு, வீட்டுக்குப் போகும் நேரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு முதல், இரண்டாம், நான்காம், ஏழாம், பதினோராம் வாரங்களிலும், நான்காம், ஆறாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதங்களிலும் நேரிலோ போனிலோ ஒரு தொடர்பு. ‘எப்படி இருக்கீங்க’ என்ற அளவுதான். பதினெட்டு மாத முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சைக் குழுவில் 2.2 விழுக்காடு, தொடர்புக் குழுவில் 0.2 விழுக்காடு.

இங்கே யார் மூளையும் ஸ்கேன் செய்யப்படவில்லை. பேசியவருக்கும் கேட்டவருக்கும் நடுவே இன்சுலா ஒத்திசைந்ததா என்று யாருக்கும் தெரியாது. நரம்பியல் ஆய்வுகளின் பலவீனமும் இதை ஒட்டியதுதான்: அவற்றில் பங்கேற்றவர்கள் சில பத்துப் பேர்; பெரும்பாலும் பணக்கார நாட்டு நகரவாசிகள்; ஒத்திசைவால் குணமானார்களா, குணமாவதால் ஒத்திசைந்தார்களா என்பது இன்னும் பிரிபடவில்லை. இருவரும் ஒரே சத்தத்தைக் கேட்டு ஒரே நேரத்தில் திடுக்கிட்டாலும் கோடுகள் சேர்ந்துதான் ஏறும். இந்தக் குறைகளை அறிஞர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் அந்த ஆய்வுகள் ஒரு வேலையைச் செய்து முடித்துவிட்டன. ‘வெறும் பேச்சு’ என்று மருத்துவ உலகம் ஒதுக்கிவைத்திருந்ததை உடம்புக்குள் நடக்கும் காரியமாகக் காட்டிவிட்டன. பேச்சுக்கு நேரமும் சம்பளமும் கேட்பவர்கள் கையில் இப்போது சான்று இருக்கிறது.

தொலைவிலிருந்து கேட்பதையும் சிலர் சந்தேகிக்கிறார்கள். 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் இயங்கும் ‘டெலி மானஸ்’ மனநல உதவிச் சேவையில் முகம் தெரியாத ஒருவரிடம் குரல் வழியே பேச வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிராஸ் 2017-இல் வெளியிட்ட ஐந்து சோதனைகளின் முடிவு இதற்கு ஆறுதல் தருகிறது: பிறர் உணர்வைக் கணிப்பதில், முகமும் குரலும் சேர்ந்து கிடைத்தவர்களைவிடக் குரலை மட்டும் கேட்டவர்கள் கூடுதலாகச் சரியாகக் கணித்தார்கள். முகம் நடிக்கப் பழகியிருக்கிறது, குரல் அவ்வளவு பழகவில்லை என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். பனித்திட்டில் கடன் நெருக்கும் மே மாத இரவில் ஒரு பெண் அந்த எண்ணை அழுத்தினால், அவர் பேச்சை உடனே பிடித்துக்கொள்ளும் தமிழ்க் குரல் எதிர்முனையில் இருக்க வேண்டும். முடிந்தவரை அடுத்த முறையும் அதே குரலாக இருக்க வேண்டும்.

ஜிப்மர் மருத்துவமனையும், கிருமாம்பாக்கம் ஆறுபடைவீடு மருத்துவக் கல்லூரியும், பிள்ளையார்குப்பம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியும் இந்தக் கொம்யூன்களிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கின்றன. வில்லியனூர் பக்கம் ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார நிலையம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. விஷம் குடித்துப் பிழைத்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரப் பேச்சும் ஒன்பது தொடர்பும் என்ற ஏற்பாட்டுக்கு ஸ்கேனர் தேவையில்லை. ஒரு பதிவேடு, ஒரு போன், ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவர், அவரை வாரம் ஒருமுறை உட்காரவைத்துக் கேட்கும் ஒரு மூத்த ஆலோசகர் போதும். முதல் தொடர்பு, வீடு திரும்பிய ஏழாம் நாள் நடக்க வேண்டும்.